சுருக்குன்னு இருக்கும்

ஏனாத்தூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட என் தம்பி, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே கிடந்தான். தினமும் காலையில் அவனுக்கு ரத்தம் எடுக்க ஒரு லேப் அம்மா வருவார். ஒல்லி உடம்பு, காதோரம் நரை. மூளையில் அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ஏதோ ஒரு புரதத்தை அளக்கத்தான் அந்த ரத்தம். ஊசி குத்துமுன், நினைவே இல்லாதவனிடம் தவறாமல் சொல்வார்:

"சுருக்குன்னு இருக்கும்பா, பொறுத்துக்கோ."

முதல் தடவை அவர் "குறைஞ்சிருக்குது" என்றதும், ரத்தம்தான் குறைந்துவிட்டதென்று பதறி மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

"அய்யே, இது குறையணும்பா" என்றார்.

நாளுக்கு நாள் குறைந்தது. தம்பி மட்டும் அசையவில்லை.

ஒன்பதாம் நாள் அளவு நார்மல் என்று வந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நார்மல்னா ஏம்மா இன்னும் இப்படியே கிடக்கிறான்? காது கேக்காதவன்கிட்ட தினமும் என்னா பேச்சு?"

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே அவர் கேட்டார்:

"கேக்கலைன்னு எந்த ரிப்போர்ட்டுல வந்துக்குது?"

மறுநாள் அவருக்கு லீவு. வேறொருவர் வந்து, பேசாமல் ஊசியைப் பிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. தம்பியின் காதருகே குனிந்தேன்.

"சுருக்குன்னு இருக்கும்டா."