வலது கை, இடது கன்னம்

சுய்யண்ணனை நான் முதலில் பார்த்தது என் பட்டமளிப்பு விழாவுக்கு முந்தைய நாள். எங்கள் பரம்பரையில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஊரிலிருந்து பைக்குள் கசங்கி வந்த சட்டையோடு சலவைக்கடையில் போய் நின்றேன். அவர் விரலை நாக்கில் தொட்டு, இஸ்திரிப்பெட்டியின் அடியில் ஒரு தட்டுத் தட்டினார். 'சுய்' என்றது. "கொஞ்சம் ஆறட்டும் தம்பி. இந்தச் சூட்டுல வச்சா, நாளைக்கு மேடையில சல்லடையப் போட்டுக்கிட்டுத்தான் நிப்பீங்க." அந்தச் சத்தத்தால் வந்த பெயர்தான் சுய்யண்ணன்.

கடை அவர் மனைவியின் தம்பியுடையது. அக்காவையும் கொடுத்து, நிற்க ஒரு மேசையும் கொடுத்தோம் என்று சமயம் வாய்க்கும்போதெல்லாம் மச்சினன் சொல்லிக்காட்டுவான். இவர் காதில் வாங்காமல் பெட்டியை ஓட்டுவார்.

ஒரு நாள் காலை, பெட்டி கையில் இருக்கும்போதே கடை மொத்தமும் அவர் கண்முன் சாய்ந்தது. வாந்தி. ஓயாத விக்கல். எழுந்து நின்றால் யாரோ இடப்பக்கம் இழுப்பது போலிருந்தது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். காலை மடக்கச் சொன்னார்கள், மடக்கினார். வெறும் தலைசுற்றல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சுற்றல் அடங்கியது. ஆனால் குரல் தகரத்தை உரசியது போலாகிவிட்டது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. இடது இமை பாதி சரிந்து நின்றது. சவரக்கத்தி இடது கன்னத்தைக் கிழித்ததே கண்ணாடியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

மேசைக்குத் திரும்பிய சில நாளில், ஏதோ பேசிக்கொண்டே வேலை செய்தபோது தீய்ந்த வாடை வந்தது. பதறிப்போய்ப் பெட்டியைத் தூக்கினார், துணியைப் புரட்டினார், விரிப்பை உதறினார். ஒன்றும் தீயவில்லை. கடையில் துணிக்குக் கஞ்சி போடுகிற அம்மாள்தான் முதலில் பார்த்து அலறினாள். தீய்ந்தது அவருடைய வலது உள்ளங்கை.

"வேலை பார்க்க மனசில்லன்னா வாயத் திறந்து சொல்லுங்க மாமா," என்றான் மச்சினன். "எதுக்குக் கையச் சுட்டுக்கிட்டு நாடகம்?"

"சுட்டது தெரியல மாப்ள. துணி தெரியுது, மடிப்பு தெரியுது. சூடு மட்டும் தெரியல."

"அன்னிக்கு மூஞ்சி மரத்துப்போச்சுன்னீங்களே, எந்தப் பக்கம்?"

"இடது."

"கை?"

"வலது."

"பொய்யையாவது ஒரே பக்கமாச் சொல்லக் கூடாதா?"

கடை சிரித்தது. "நாளைக்கு அண்ணனுக்கு இடுப்புக்கு மேல காய்ச்சல், கீழ குளிருன்னு வரும் பாருங்க," என்றாள் கஞ்சி போடுகிற அம்மாள். அலறிய வாய் ஆறுவதற்குள் சிரித்துவிட்டது.

சிரித்தவர்களை அவர் பொருட்படுத்தவில்லை. வீட்டில் ஒருத்தி நம்பினால் போதும் என்றிருந்தார். அவளும் யோசித்துத்தான் பேசினாள். "எங்க பெரியப்பாவுக்கு வாதம் வந்தப்ப மூஞ்சி, கை, கால் எல்லாம் ஒரே பக்கமால்ல விழுந்துச்சு? உங்களுக்கு மட்டும் எப்படிங்க குறுக்குமறுக்கா வரும்?"

அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, இடது கையில் ஊசியால் குத்தினாள். துள்ளி எழுந்தார்.

"மரத்துப்போச்சுன்னீங்க?"

"இடதுல மூஞ்சிதாண்டி. கை வலது. இந்தா, குத்து."

நீட்டினார். குத்தினாள். ரத்தம் பொட்டாக எட்டிப்பார்த்தது. அவர் முகம் அசையவில்லை. தன்னிடமிருந்த ஒரே சாட்சியைக் காட்டிவிட்ட நிம்மதியோடு அவளைப் பார்த்தார்.

"வீம்புன்னு வந்துட்டா நீங்க உயிரையே விடுவீங்களே," என்று ஊசியை நூல்கண்டில் செருகிவிட்டு எழுந்து போனாள்.

புரையேறிப் புரையேறி நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கண்டபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார். நோயாளிகளுக்கு நடைப்பயிற்சி தருகிற வேலை எனக்கு அங்கேதான்; இதுவரை நடந்ததெல்லாம் அவர் அப்போது சொன்னது. டாக்டரம்மா ஒரு குழாயில் வெந்நீரும் இன்னொன்றில் குளிர்நீரும் எடுத்து, கன்னத்திலும் கையிலும் மாறி மாறி வைத்துப் பார்த்தார். ஸ்கேன் வந்ததும் மனைவியையும் மச்சினனையும் உள்ளே அழைத்தார்.

"மூளைக்குக் கீழ ஒரு தண்டு இருக்கு. அதோட அடிப்பகுதி முகுளம். வலது கையோட வலியும் சூடும் தண்டுவடத்துலயே இடப்பக்கம் தாண்டி, அப்புறம்தான் மேல ஏறும். இடது முகத்தோடது தாண்டுறதுக்கு முன்னால இடப்பக்கமாவே முகுளம் வரைக்கும் இறங்கும். ரெண்டும் அங்க பக்கத்துப் பக்கத்துல போகுது. அந்த இடத்துல ரத்தம் அடைச்சிருக்கு. விழுங்குற நரம்பு, குரல் நரம்பு, இமையைத் தூக்குற நரம்பு வழி எல்லாம் அதே சந்துலதான். கை காலை அசைக்கிற பாதை முன்பக்கமாப் போறதால தப்பிச்சிடுச்சு."

"அப்போ குறுக்கால வருமா?" என்றாள் மனைவி.

"குறுக்கால வந்ததாலதான் இன்ன இடம்னு கண்டுபிடிச்சோம். இவர் எல்லாத்தையும் ஒரே பக்கமாச் சொல்லியிருந்தா நான் வேற இடத்துலதான் தேடியிருப்பேன்."

சுய்யண்ணன் மனைவியைப் பார்த்தார். அவள் ஸ்கேன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சினன்தான் தொண்டையைச் செருமினான். "சூடு இனிமே தெரியாதுங்களா?"

"தெரிஞ்சாலும் கொஞ்சம்தான்."

"இஸ்திரிப்பெட்டி பிடிக்கலாமா?"

"கூடவே கூடாது."

தலையாட்டிக்கொண்டான். பொய்யன் என்று நினைத்த வரை திட்டியாவது வேலை வாங்கலாம் என்று மேசையை அவருக்காக விட்டுவைத்திருந்தவன், உண்மை என்று தெரிந்த அன்றே அதைக் காலி செய்தான். "நாளைக்கு ஏதாவது தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது மாமா? நான் சொல்லல, டாக்டரே சொல்லிட்டாங்க." அந்த நேரம் அவன் குரலில் மரியாதைகூட இருந்தது.

சுய்யண்ணன் இப்போது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வண்டி நிறுத்துமிடத்துக்குக் காவல் இருக்கிறார். டீ கிளாஸை இடது கையில் வாங்கி, மிடறு மிடறாக விழுங்குகிறார். சலவைக்கடையில் அவருடைய மேசையில் அவர் மனைவி நிற்கிறாள். ஊசியைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.