நான் போகாத ரோந்து

கோலா குபு பாரு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை, அவ்வளவுதான். நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். பேய், ஆவி என்று யார் பேசினாலும் நானும் சிரித்தவன்தான். இடம் இல்லாமல் சுடுகாட்டுக் கொட்டகையில் படுத்திருக்கிறேன், கொசுவைத் தவிர எதுவும் என்னைத் தொட்டதில்லை.

புக்கிட் பெருந்துங் பக்கம் ஒரு பழைய தொழிற்சாலையில் எனக்கு ஜாகா வேலை, காவல்காரன். பின்னால் முழுக்கச் செம்பனைத் தோட்டம். பகலில் வாசல் காவலுக்கு அந்தோணி அண்ணன், இரவு ரோந்துக்கு நான், சுற்றிவர ஒரு சைக்கிள். வேலியோரத் தூண்களில் சட்டைப் பொத்தான் மாதிரி இரும்பு வில்லைகள் பதித்திருப்பார்கள். கையிலிருக்கும் கருவியால் அதைத் தொட்டால் நாம் அங்கே போய்வந்ததாகப் பதிவாகும். நான் என்ன செய்தேன், அத்தனை வில்லையையும் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, காவல் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டேன். நேரம் வந்தால் நாற்காலியில் இருந்தபடியே தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். அண்ணனுக்கு இது தெரியாது.

அன்றைக்குச் சாயந்தரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் தன் சொந்த சைக்கிளை எடுத்தார். வீடு புக்கிட் செந்தோசாவில், வேலியோரப் பாதையில் போனால் குறுக்கு.

"மழை விட்டதும் போங்கண்ணே."

"உங்கண்ணி கதவைப் பூட்டிட்டுத் தூங்கிடுவா லா, அப்புறம் நான் கோழியோடதான் படுக்கணும். நீ ரோந்து போறப்ப பாத்துப் போ, பாதை வழுக்கும்."

இரவெல்லாம் மழை. நான் டின்னைத் திறந்து தொட்டேன், தூங்கினேன், தொட்டேன், தூங்கினேன்.

விடிந்ததும் தோட்டத்தில் செம்பனைப் பழம் வெட்ட வந்தவர்கள் கத்தினார்கள். வேலியோரக் கால்வாயில் அண்ணன், கால் முறிந்து, மார்பு வரை தண்ணீர். உயிர் இருந்தது. தலையை மட்டும் யாரோ கரையில் தூக்கி வைத்த மாதிரி இருந்தது என்றார்கள். அண்ணனை ஏற்றி அனுப்பிவிட்டு வந்து பார்த்தேன். ரோந்து சைக்கிள் கொட்டகைக்குள் பூட்டியபடியே நின்றது, சாவி என் பையில். ஆனால் சங்கிலி வரைக்கும் ஈரச் சிவப்பு மண். நம்பினால் நம்புங்கள்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் என் கையை விடவே இல்லை.

"இவன்தான். ரோந்துல வந்து பாத்துட்டான். தூக்கப் பாத்தான், முடியல. விடியிற வரைக்கும் தண்ணிக்குள்ள நின்னு என் தலையைப் பிடிச்சிக்கிட்டான்."

"ஓடிப்போய் யாரையாச்சும் கூப்பிட்டிருக்கலாமே?" என்றார் அண்ணி.

"விட்டா நான் முங்கிடுவேன், எப்படிப் போவான்?" என்றவர் என்னைப் பார்த்து, "ஏன்டா ஒரு வார்த்தை பேசல? நான் கேக்கக் கேக்க அழுதுகிட்டே இருந்தியே," என்றார்.

நான் வரவே இல்லைண்ணே. வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அண்ணி என் தலையில் கைவைத்து ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். முடித்துவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவன்தான் அப்படி நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு லோரிக்காரர் கோலா சிலாங்கூரில் இறக்கிவிட்டார். அந்த ஊருக்கு அதற்கு முன் நான் போனதே இல்லை. பஸ் நிலையத்தில் படுத்துவிட்டு, காலையில் ஆற்றோரம் ஒரு மீன் கொட்டகையில் வேலை கேட்டு நின்றேன். ஐஸ் வாரிக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்தார்.

"வந்துட்டியா? நேத்து மத்தியானம் தொப்பலா நனைஞ்சு சைக்கிள்ல வந்து வேலை கேட்டியே. உடனே சேந்துக்கடான்னா, அண்ணன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும், சொல்லிட்டு நாளைக்கு வரேன்னு போனே. சொல்லிட்டியா?"

நேற்று மத்தியானம் நான் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"சொல்லிட்டேன்க்கா," என்றேன். அவர் காட்டிய மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.