டாக்டர் சொன்னதும் சேர் சொன்னதும்

கந்தப்பளையில் பதினோராம் தரம் படித்தபோது நான் எண்ணூறு மீற்றர் ஓடுவேன். மாகாணப் போட்டி நெருங்கிய நேரத்தில் வலது பாதத்தின் முன்பக்கம், விரல்கள் தொடங்கும் இடத்துக்குக் கீழே, நோகத் தொடங்கியது. முதலில் ஓடினால் மட்டும்தான் வலித்தது. பிறகு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் படி ஏறினாலும் வலித்தது.

அம்மா கொழுந்து பறிக்கப் போயாக வேண்டும். அதனால் ஓட்டப் பயிற்சி கொடுத்த பள்ளிக்கூட ஆசிரியர், எங்கள் சேரே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. எதற்கும் சேரைத்தான் கேட்போம்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் நிறையப் பேசினார். என் சிங்களம் கடைக்குப் போய்வர மட்டுமே போதும். அவருடைய வேகம் பிடிபடவில்லை. சேர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும், "பயப்பட ஒண்ணுமில்ல புள்ள. சப்பாத்துக்குள்ள இன்சோல் போட்டுக்கிட்டு ஓடலாம்ங்கிறாரு," என்றார்.

நுவரெலியாவில் அவரே வாங்கித் தந்தார். முன்பாதத்துக்குச் சற்றுப் பின்னால் சின்ன மேடு வைத்த மெத்தை. போட்டு நடந்தேன், வலி பாதியாகக் குறைந்தது. அன்று மாலையே மைதானத்துக்குப் போய்விட்டேன்.

போட்டியில், கடைசி வளைவில், பாதத்துக்குள் ஏதோ முறிந்தது. அப்படியே விழுந்தேன்.

மறுபடியும் அதே டாக்டர். இந்த முறை அம்மா கூட வந்திருந்தாள். டாக்டர் கோபமாகப் பேசியதை ஒரு தமிழ் நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எலும்புல வெடிப்பு இருக்கு, ஆறுற வரைக்கும் ஓடவே கூடாதுன்னு அன்னைக்கே சொன்னாராம். இன்சோல் நடக்கிறதுக்கு மட்டுந்தானாம். கூட வந்தவரு ஒங்கிட்ட சொல்லலியா?"

"இல்லங்க மிஸ்."

சில நாள் கழித்து சேர் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை.

"ஏன் சேர் எங்ககிட்ட மறைச்சீங்க?"

"ஒரு போட்டிதானேன்னு நெனச்சேங்க. ஜெயிச்சிருந்தா இவளுக்கும்தானே நல்லது."

இவளுக்கும். அந்த 'உம்'மில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

எலும்பு கூடிவிட்டது. ஓட்டம்தான் திரும்பி வரவில்லை. இப்போது ஹட்டனில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை; இன்சோல் இல்லாமல் நிற்க முடியாது. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் சேர் எதிரே வந்தார்.

"கால் எப்படி புள்ள இருக்கு?"

"நல்லா இருக்கு சேர்," என்றேன். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.