கசக்கிப் பார்க்கச் சொன்ன இலைகள்

என் கணவர் கோத்தா திங்கி பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமொன்றில் இருபது வருடத்துக்கு மேல் முதுகில் பம்பைச் சுமந்து புல்லுக்கு மருந்து அடித்தவர். இருமல் விடாமல் பிடித்துக்கொண்ட பிறகுதான் வேலையை விட்டார். கூலாயில் எங்களுக்குக் கிடைத்தது மூலை வீடு. பக்கத்தில் கொஞ்சம் மண் இருந்தது. இனிமேலாவது இந்த மனிதர் மருந்து படாத காய்கறியைச் சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

கத்தரிக்கும் தக்காளிக்கும் நடுவில் திருநீற்றுப்பச்சை விதைத்தேன். வேலியோரம் செரை என்கிற எலுமிச்சம்புல் வைத்தேன். வாசனைச் செடிகள் பக்கத்தில் இருந்தால் பூச்சிகள் குழம்பிப் போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"மருந்தே அடிக்காம கத்தரிக்கா வருமா? புழுதான் வரும்" என்று சிரித்தார்.

முதல் தடவை புழுதான் வந்தது. அடுத்த தடவை பாதிக்குப் பாதி தேறியது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. காலையில் எனக்கு முன்பே எழுந்து தண்ணீர் ஊற்றினார்.

மூன்றாம் தடவை விதைத்ததும் நல்ல மழை. திருநீற்றுப்பச்சையோடு குப்பைமேனியும் சேர்ந்து முளைத்தது. சின்னதில் இரண்டும் அக்கா தங்கை மாதிரிதான் இருக்கும். எனக்கோ செனாய் தொழிற்சாலையில் காலை ஷிப்ட்.

"இலையைக் கசக்கி மோந்து பாருங்க. வாசம் வந்தா விடுங்க, வரலன்னா பிடுங்குங்க" என்றேன்.

"சரி, நீ போ."

சாயங்காலம் வந்து பார்த்தால் நடுப் பாத்தி மொட்டையாகக் கிடந்தது. கால்வாய் ஓரம் குப்பைமேனியோடு என் திருநீற்றுப்பச்சை அத்தனையும் வாடிக் குவிந்திருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று கொஞ்சம்கூட இல்லை. என் தோட்டம் பிடிக்காமல் வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்றே நம்பினேன்.

"மூக்கு என்ன ஆச்சு உங்களுக்கு? வேணும்னே பண்ணிட்டு நிக்கிறீங்களா?"

"எதுலயும் வாசம் வரல" என்றார்.

ஒரு கைப்பிடி அள்ளிக் கசக்கி அவர் முகத்தருகே நீட்டினேன். எனக்கே மூக்கில் ஏறியது. அவர் கண்ணை மூடி நீளமாக இழுத்துப் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார்.

"தெரியல. செம்பனைத் தோட்டத்துல இருக்கும்போதே மோப்பம் போயிருச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைய விடச் சொல்லுவ. பிள்ளைங்க படிச்சிக்கிட்டு இருந்தாங்க."

கையில் இருந்த இலையைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை. அவரைத் திட்டிய வாயை நினைத்து வெட்கமாக இருந்தது. எத்தனை வருடமாக இவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்கு எப்படித் தெரியாமல் போனது? அப்போதுதான் அது உறைத்தது.

"அப்போ தெனமும் கூடத்துல இருந்துகிட்டே, ரசம் வாசம் தூக்குதுன்னு சொல்வீங்களே, அது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து மண் கையைக் கழுவினார்.

"கடுகு வெடிக்கிற சத்தம் கேக்கும் லா. அத வச்சித்தான் சொல்லுவேன்."