பிள்ளைக்கு ஒரு பூசணிக்காய்

அப்போது தெல்தோட்டைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் நானும் மனைவியும் பழம் பறித்துக்கொண்டிருந்தோம். மழைக்காலம். அட்டைக்கடி தாங்காமல் காலில் உப்புத்துணி கட்டிக்கொள்வோம். அது கிடக்கட்டும். ஒருநாள் கணக்கப்பிள்ளை நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து பிள்ளைகளை மட்டும் எண்ணிக்கொண்டு போனார். எங்கள் கைக்குழந்தையோடு பத்தொன்பது பேர்.

மறுநாள் காலையில் கடை முதலாளியின் மாட்டுவண்டி துரை பங்களாவுக்குப் பூசணிக்காய் ஏற்றிப் போனது. மனைவி எண்ணிப் பார்த்தாள். அதுவும் பத்தொன்பது. துரை அப்போது ஆற்றில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார். பாலம் நிற்கப் பிள்ளைப் பலி கேட்கும் என்று ஊரில் சொல்வார்கள். உயிர்ப்பலிக்குப் பதிலாகப் பூசணிக்காய் வெட்டுவதுதானே எங்கள் வழக்கம்?

"காய் பத்தலேன்னா புள்ளையக் கேப்பாங்க. கெளம்புங்க, ஊருக்கே போயிருவோம்" என்றாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாய் நடந்தோம். வழியில் வெறும் வண்டியோடு திரும்பி வந்த முதலாளி, "எங்க தம்பி இந்த அவசரம்?" என்று கேட்டார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அல்லாவே! அது வெளக்கு தம்பி. துரைமார் நாட்டுல இன்டைக்குப் பேய விரட்டுற நாளாம். காயக் குடைஞ்சு, மூஞ்சி வெட்டி, உள்ளுக்குத் திரி வைப்பாங்களாம். பிள்ளைக்கு ஒன்டு குடுக்கத்தான் எண்ணச் சொன்னது."

நான் பாதையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மனைவியோ அதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"அங்க என்னா குந்திக்கிட்டு? நம்ம புள்ளைக்கு உள்ளத வேற யாராச்சும் வாங்கிட்டுப் போயிரப் போறாங்க!"