டிராமில் வந்த மாமி

தாதர் டிராமின் மேல்தட்டில் மரப்பலகையில் உட்கார்ந்தால் சக்கரத்தின் நடுக்கம் முதுகு வழியாக ஏறிப் பற்கள் வரை வந்து சேரும். மழை நாளில் நனைந்த இரும்பின் வாசனையும் யாரோ மடியில் வைத்திருக்கும் கொய்யாப்பழத்தின் வாசனையும் கலந்து வீசும். நான் சொல்வது 1963-ஆம் ஆண்டு மழைக்காலம். 1962 என்று என் தம்பி சாதிப்பான். ஆனால் அப்போது நான் ஒன்பதாவது படித்தேன். அந்தப் படிப்பு முடிவதற்குள், மார்ச் கடைசியில், பம்பாயில் டிராமே நின்றுபோனது. ஆகவே அவன் சொல்வது தப்பு.

சனிக்கிழமைதோறும் அம்மாவும் நானும் மாட்டுங்காவிலிருந்து தாதர் டி.டி. வரை நடந்து, அங்கே டிராம் பிடித்து, பைகுல்லா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த அத்தை வீட்டுக்குப் போவோம். அப்பாவின் அக்காவான அத்தைக்குக் குழந்தை இல்லை. "வீடு வெறிச்சுனு கிடக்கு, பொண்ணை எங்கிட்ட விடுங்கோ, இங்கேர்ந்தே ஸ்கூலுக்குப் போகட்டும்" என்று அந்த வருஷம் அவள் கேட்க, அக்கா பேச்சைத் தட்டியறியாத அப்பா தலையாட்டிவிட்டார். தீபாவளி கழிந்ததும் நான் பெட்டியோடு போக வேண்டும். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் பேச்சை நிறுத்திக்கொண்டேன். எதற்கும் "ம்", "ம்ஹூம்"தான். தெருவில் அம்மாவுக்குப் பத்தடி முன்னால் நடப்பேன்.

ஒரு சனிக்கிழமை வேண்டுமென்றே தனியாக மேல்தட்டுக்கு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒன்பது கஜத்தைத் தூக்கிப் பிடித்தபடி பின்னாலேயே வந்த அம்மா, பக்கத்தில் உட்கார்ந்து, முன்பின் பார்த்திராதவள் போலக் கேட்டாள்: "ஏம்மா, இந்த டிராம் பைகுல்லா போகுமோ? நான் ஊருக்குப் புதுசு."

முறைத்தேன். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"போகும்."

"நீங்க எந்த பில்டிங்?"

என்னைப் போய் "நீங்க" என்கிறாள்! ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்டக்டர் வந்ததும் தனக்கு மட்டும் டிக்கெட் வாங்கினாள். என்னிடம் ஏது காசு? கண்டக்டர் என்னைக் காட்டி, "ஆப்கீ லட்கி ஹை?" என்று அவளைக் கேட்டார், உங்கள் பெண்ணா என்று. "மாலும் நஹி" என்றாள். தெரியாதாம்! பிறகு, "பாவம், யார் பெத்த பொண்ணோ" என்று பெருமூச்சு விட்டு எனக்கும் ஒரு டிக்கெட் வாங்கி, "ஆத்துக்குப் போனதும் உங்கம்மாகிட்ட வாங்கித் தந்துடணும், ஆமா" என்றாள். அதற்கு மேல் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் டிராமில் அந்த "மாமி" வந்தாள். அவளுக்குக் கும்பகோணம், ஆறு பிள்ளைகள், ஆறும் அசமஞ்சம். நான் கணக்கு டீச்சரைப் பற்றிச் சொல்வேன், என் அம்மாவைப் பற்றியும் கோள் சொல்வேன். "ரொம்பப் பொல்லாதவளா இருப்பா போலிருக்கே!" என்று மாமி கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, லால்பாக் தாண்டும்போது, "ஏன் முகம் வாடியிருக்கு?" என்றாள்.

"என்னை அத்தை ஆத்துல விடப்போறா, மாமி. எனக்குப் பிடிக்கலை."

"உங்கம்மாகிட்ட சொன்னேளா?"

"எதுக்கு? வேண்டாம்னு அவ ஒரு வார்த்தை சொல்லலையே."

மாமி கையிலிருந்த டிக்கெட்டை நாலாக மடித்தாள். பிறகு மெல்ல, "பயந்திருப்பா. நாத்தனார்னா சும்மாவா?" என்றாள்.

அத்தை வீட்டில் காப்பி வந்தது. "பொண்ணோட துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சா?" என்றாள் அத்தை.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "இல்லக்கா. டிராம்ல ஒரு மாமி, இந்த வயசுப் பொண்ணு அம்மாகிட்டதான் இருக்கணும்னு சொன்னா. எனக்கும் அதான் சரின்னு படறது. நான் அனுப்பலை."

"நம்மாத்துக் காரியத்தைச் சொல்ல அவ யாருடி?"

"ஊருக்குப் புதுசாம்" என்றாள் அம்மா.

பொங்கல் வரை அத்தை எங்களோடு பேசவில்லை. அப்பா இரண்டு நாள் உர்ரென்று இருந்துவிட்டு, மூன்றாம் நாள் எனக்குப் புது ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்தார். கல்யாணம் ஆகும்வரை நான் மாட்டுங்காவில்தான் இருந்தேன்.

டிராம் நின்ற பிறகு பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் மாமி வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை, நான் அம்மாவிடமே எல்லாம் சொல்லத் தொடங்கியிருந்தேன். இன்று தண்டவாளம் இல்லை, அத்தை இல்லை, அம்மாவும் இல்லை. தாதர் டி.டி. என்ற பெயர் மட்டும் நிற்கிறது. டி.டி. என்றால் டிராம் டெர்மினஸ், டிராம் கடைசியாக வந்து நின்ற இடம் என்பது, நான் இப்போது இருக்கும் வாஷியில் எவருக்கும் தெரியவில்லை. அம்மாவின் கடைசிக் காலத்தில் ஒரு நாள், அந்த மாமிக்கு நான் நன்றியே சொல்லவில்லையே என்றேன்.

"எந்த மாமிடி?" என்றாள் அம்மா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.