இந்த வருஷத்துக் குட்டி ஒன்றுகூட இல்லை

செத்துப்போன புருஷனின் பிறந்தநாள் தெசாங்காவுக்கு மறந்துபோகும். முயலின் வயது மட்டும் தப்பாது. நோவி சாத் நகரத்து ஆய்வுக்கூடத்தில் பாதி ஆயுசை இதிலேயே ஓட்டியவள். காட்டு முயலின் கண்ணை அறுத்து, உள்ளே இருக்கும் வில்லையைப் பிதுக்கி எடுத்து, அடுப்பில் காயவைத்து, தராசில் போடுவாள். முயல் சாகும்வரை வில்லை வளரும். கனமாக இருந்தால் பழைய முயல், லேசாக இருந்தால் இந்த வருஷத்துக் குட்டி.

முதல் வேட்டை முடிந்ததும் வேட்டைச் சங்கங்கள் ஜாடியில் கண்களை அனுப்பும். குட்டிகள் போதுமான அளவு இருந்தால் வேட்டை தொடரும். இல்லையென்றால் துப்பாக்கியை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான்.

மகள் யாகோதா வாழ்க்கைப்பட்ட ஊரின் ஜாடியை அவள் மாமனார் மிலுதினே கொண்டுவந்தார். சங்கத் தலைவர் அவர்தான்.

"இத்தாலிக்காரங்க காசு கட்டி வேட்டைக்கு வர்றாங்க, சம்பந்தியம்மா. வயசைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க."

"உங்க வயசையும் சேர்த்துக் குறைக்கட்டுமா?"

சிரித்துக்கொண்டே போனார் மனுஷர்.

இருநூற்றெண்பது மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குட்டி. அந்த ஜாடியில் ஒரு வில்லைகூட அதற்குக் கீழே இறங்கவில்லை. தராசைத் துடைத்தாள். எல்லாவற்றையும் மறுபடி காயவைத்து நிறுத்தாள். தராசின்மேல் பழி போடவும் வழியில்லை, பக்கத்து ஊர் ஜாடியில் குட்டிகள் இருந்தன. விரல் விட்டு மாதங்களை எண்ணினாள். யாகோதாவுக்கு இது ஏழாம் மாதம்.

மிலுதினுக்குப் போன் போட்டாள்.

"வசந்தத்துல பெட்டை முயலுங்க சினையா இருந்துச்சா?"

"வயித்தைத் தள்ளிக்கிட்டுத்தான் திரிஞ்சுது. என் கண்ணால பார்த்தேனே."

"அப்போ குட்டியெல்லாம் எங்கே?"

"நரி தின்னிருக்கும்" என்றார் மிலுதின்.

நரியாம் நரி! ஒன்று விடாமல் தின்ன அது நரியா, அறுவடை இயந்திரமா?

மறுநாளே பஸ் ஏறினாள். வழி நெடுக உழுத வயல்கள் கறுப்பாகக் கிடந்தன. மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் என்ன காரணம் சொல்வது? முயலுக்கு நடந்தது மனுஷிக்கும் நடக்கும் என்று எந்தத் தராசும் சொல்லவில்லையே.

சமையலறையில் யாகோதா வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா, திடுதிப்புன்னு?"

தெசாங்கா பையைக் கீழே வைத்தாள். "முதல்ல கொஞ்சம் தண்ணி குடுடி."

யாகோதா எழுந்து, கிணற்றுத் தண்ணீர் வாளியிலிருந்து ஒரு குவளை மொண்டாள். மூலையில் இருந்த மிலுதின் பதறி எழுந்தார்.

"அதைக் குடுக்காதே. சம்பந்தியம்மா விருந்தாளி." தன் அறைக்குள் ஓடிப்போய்க் கடைத் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துவந்தார்.

"எப்போலேருந்து கடைத் தண்ணி, சம்பந்தி?"

"வசந்தத்துல வயலுக்கு அந்தப் புது மருந்து அடிச்சதுலேருந்து..." மூடியைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது.

யாகோதா குவளையைக் கீழே வைக்கவில்லை.

"நான் இதைத்தானே குடிக்கிறேன், மாமா."